டப்பாவைக் குலுக்கினீர்களா?

போன வாரம் வீட்டில் ஒரு சண்டை. எனக்கும் என் தங்கை மகனுக்கும். அவன் எஞ்சினியர். வாசலில் மாட்டுகிற கேமரா, இன்டர்நெட் பெட்டி மாதிரிச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிற கம்பெனியில் வேலை. நானோ ரிட்டயர்டு கிளார்க். ஓய்வு பெற்ற பிறகு அவன் கழித்துப்போட்ட லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டு, புரிந்தும் புரியாமலும் படித்துக்கொண்டிருப்பவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும்.

காப்பி குடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னான்: "மாமா, எங்க பெட்டி ஆன் பண்ணின உடனே ரெடி ஆகல. ரேண்டம் நம்பர் வரட்டும்னு நாலு செகண்டு நிக்குது. கடைக்காரங்க எல்லாம் புகார். மேனேஜர் அந்த வரியையே தூக்கச் சொல்லிட்டார். இப்ப கடிகாரத்துல மணி என்னன்னு பார்த்து அதையே விதையா வெச்சுக்குது. நாலு செகண்டு மிச்சம்!"

"செஞ்சது தப்பு மாப்ளே" என்றேன்.

"அட போங்க மாமா, கணக்குப் போடுற மெஷினுக்குக் குருட்டு எண் எதுக்கு? யாரு வந்து எங்க கேமராவைக் குடையப் போறாங்க?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் சரியாக வரவில்லை. எழுதினால் வரும். அதனால் எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் இல்லை, அவனுடைய மேனேஜருக்காகவும்.

முதலில் ஒரு பழைய கதை. 1983 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மார்க்கெட் கடைகள் ஆறு ஒதுக்கவேண்டியிருந்தது. மனுப் போட்டவர்கள் நாற்பத்தொரு பேர். குலுக்கல் முறையில் தேர்வு என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. மனு வந்த வரிசைப்படி பெயர்களை டைப் அடித்து, கத்தரித்து, மடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டது நான்தான். முதல் மனுவின் சீட்டு அடியில், கடைசி மனுவின் சீட்டு மேலே.

அதிகாரி லேட்டாக வந்தார். வந்ததும் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். யாரோ ஒருவருடைய சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பையன் சமர்த்தாக மேலே இருந்து ஆறு சீட்டுகளை எடுத்துக் கொடுத்தான். டப்பாவை யாரும் குலுக்கவில்லை. ஆறு பேரும் கடைசி நாளில் மனுப் போட்டவர்கள். கடைசி நாளில் ஒரே ஆள்தான் கட்டாக மனுக்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார் என்பது தபால் ரிஜிஸ்டரை எழுதிய எனக்குத் தெரியும்.

மூன்றாவது மனு ஓர் இட்லிக் கடை அம்மாவுடையது. கைம்பெண், ரெண்டு பிள்ளைகள். எல்லாரும் போன பிறகு என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, டப்பாவைக் குலுக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சட்டப்படி எல்லாம் சரி. நோட்டீஸ் ஒட்டியாயிற்று, சாட்சிகள் இருந்தார்கள், சீட்டு எடுத்தது குழந்தை. கோப்பில் 'குலுக்கல் நடைபெற்றது' என்று எழுதியதும் நானே. நடந்தது குலுக்கல் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? என் தங்கை மகனின் பெட்டி ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் நடப்பது இதுதான். சீட்டு இருக்கிறது, டப்பா இருக்கிறது, குலுக்கல் இல்லை.

இனி அவன் கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போடும் இயந்திரத்துக்குக் குருட்டு எண் எதற்கு?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினத்தேர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். ஒழுங்கு செய்பவன் என்று பொருள். அருமையான பெயர். அதன் எதிர்ப்பக்கத்தில் 'அஸார்' என்று ஒரு சொல் உண்டு. தற்செயல், முன்கூட்டிச் சொல்ல முடியாதது. நம் பாடப்புத்தகத்தில் 'சமவாய்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். ஒழுங்கையே பெயராக வைத்துக்கொண்ட இயந்திரத்துக்கு அஸார் எங்கிருந்து வரும்? வராது. அதுதான் பிரச்சினையே.

கம்ப்யூட்டர் நல்ல கிளார்க்கைப் போல. ஒரே உத்தரவு, ஒரே தகவல் கொடுத்தால் நூறு முறையும் ஒரே பதில் எழுதும். இயங்க ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில் அதனிடம் என்ன இருக்கிறது? நினைவகம் வெறுமை. யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. வட்டில் அல்லது சிப்பில் எழுதிவைத்த கட்டளைகள் மட்டும் இருக்கின்றன. ஒரே மாடல் பெட்டி ஒரு லட்சம் விற்றால், ஒரு லட்சத்துக்கும் அதே கட்டளைகள். அந்த நொடியில் அவை எல்லாம் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று என்ன நினைக்கிறதோ அதையே மற்றதும் நினைக்கும்.

ஆனால் அந்த நொடியில்தான் அதற்கு ரகசியங்கள் வேண்டியிருக்கிறது. புதுப்பெட்டி முதல் முறை ஓடும்போது தன்னுடைய சாவியைத் தானே செய்துகொள்கிறது. தூரத்திலிருந்து அதற்குள் நுழைபவர், 'இது உண்மையில் என் பெட்டிதானா' என்று சரிபார்ப்பது அந்தச் சாவியை வைத்துத்தான். சாவி ஒரு பெரிய எண். அந்த எண்ணை வேறு யாரும் ஊகிக்கக்கூடாது. இது தவிர, நிரல்களை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வைப்பதற்கும் ரேண்டம் எண் வேண்டும். திருடனுக்குப் பணப்பெட்டி எந்த அறையில் என்று தெரியக்கூடாது அல்லவா? நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச ஆரம்பிக்கும்போது போடும் வரிசை எண்ணுக்கும் வேண்டும். அதை ஊகிக்க முடிந்தால் வெளியாள் ஒருவன் நடுவில் புகுந்து உள்ளாள் மாதிரிப் பேசலாம். இவை எல்லாம் இயங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தேவைப்படுபவை. அஸார் கொஞ்சமும் இல்லாத நேரத்தில்தான் அஸார் அதிகம் தேவைப்படுகிறது.

"முறையை ரகசியமாக வைத்துக்கொண்டால் போதாதா மாமா? எங்க சாஃப்ட்வேர் யாருக்கும் தெரியாதே" என்றும் கேட்டான். இதற்கு 1883-லேயே பதில் எழுதியாயிற்று. ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ரகசிய முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது என்பது. சாவி மட்டுமே ரகசியம். உன் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்க்க எவனாலும் முடியும் என்கிறபோது, முறை ரகசியம் என்று சொல்வது ஊருக்கே தெரிந்த மறைவிடத்தில் சாவியை வைப்பது போல.

சரி, கடிகாரம். மணியை விதையாக வைத்தால் என்ன?

விதை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் ரேண்டம் எண் தேவை. அத்தனையையும் வெளியிலிருந்து பொறுக்கமுடியாது. அதனால் கொஞ்சம் உண்மையான அஸாரை விதையாகப் போட்டு, கணக்கு மூலம் அதிலிருந்து வேண்டிய அளவு எண்களை விளைவித்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆகவே விதை தெரிந்தால் விளைச்சல் முழுக்கத் தெரியும்.

128 பிட் நீளமுள்ள நல்ல விதைக்கு 39 இலக்க எண்ணிக்கையில் சாத்தியங்கள். எவனும் தேடி முடிக்கமுடியாது. மணிக்கு? ஒரு நாளில் 86,400 நொடிகள். எந்த நாளில் பெட்டியை மாட்டினாய் என்று தெரிந்தால் 86,400 முறை முயன்றால் போதும். நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்துப் பார்த்தாலும் இன்றைய இயந்திரங்களுக்கு அது ஒரு வேலையே இல்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயான் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இருவர் நெட்ஸ்கேப் பிரவுசரைக் குடைந்து பார்த்தார்கள். அப்போது உலகமே அதை வைத்துத்தான் இணையத்தில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதன் விதை என்ன தெரியுமா? அன்றைய நேரமும், ஓடும் நிரலுக்கு இயந்திரம் கொடுக்கும் இரண்டு வரிசை எண்களும். அவ்வளவுதான். பூட்டு பெரிய பூட்டு, சாவி மட்டும் எளிதில் எண்ணிவிடக்கூடிய கொத்தில் ஒன்று.

இன்னொரு வேடிக்கை. சின்னப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்ததும் அது பெரும்பாலும் 1970 ஜனவரி 1, நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். நெட்வொர்க்கில் யாராவது சரியான மணி சொல்லும்வரை அதுதான் நேரம். அப்படியென்றால் மாப்ளே, உன் ஒரு லட்சம் பெட்டிகளும் ஒரே முகூர்த்தத்தில் பிறந்த குழந்தைகள். ஒரே ஜாதகம். இதையா விதை என்கிறாய்?

"யாரு வந்து குடையப் போறாங்க" என்றாயே, அதற்கும் பதில் இருக்கிறது. 2012-ல் நேடியா ஹெனிங்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இணையம் முழுவதையும் சுற்றி, வெளியில் தெரிகிற பொதுச் சாவிகளைத் திரட்டினார்கள். பூட்டை உடைக்கவில்லை, யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. திரட்டிய எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். பாதுகாப்பான இணைப்புக்குப் பயன்படும் டி.எல்.எஸ். சாவி வைத்திருந்த இயந்திரங்களில் 0.50 சதவீதத்தின் ரகசியச் சாவி அப்படியே கையில் விழுந்தது. இருநூறில் ஒன்று! பெரும்பாலானவை யாருமே உட்கார்ந்து தட்டாத சின்னப் பெட்டிகள்: ரூட்டர், ஃபயர்வால் போன்றவை. காரணம், முதல் முறை இயங்கும்போது அஸார் சேருவதற்கு முன்பே சாவி செய்துகொண்டது.

எப்படி விழுந்தது என்பது பள்ளிக்கூடக் கணக்குதான். எங்கள் கணக்கு வாத்தியார் 'பே-ழே-சே-தே' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார். மீப்பெரு பொதுவகுத்தி. பிரம்பைக் காட்டிக் கற்றுக்கொடுத்த யூக்ளிட் கணக்கு அது. இந்தச் சாவிகள் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்தவை. பெருக்கல் பலன் ஊருக்குத் தெரியும், பகா எண்கள் ரகசியம். பெரிய எண்ணாக இருந்தால் பலனிலிருந்து பகா எண்களைக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம்.

ஆனால் இரண்டு பெட்டிகள் ஒட்டிப் பிறந்தவை என்றால்? முதல் பகா எண் இரண்டுக்கும் ஒன்றாகவே வந்துவிடும். அதற்குள் கடிகாரம் ஒரு துடிப்பு துடித்திருந்தால் இரண்டாவது மட்டும் மாறும். சின்ன எண்ணில் காட்டுகிறேன். ஒரு பெட்டி 53-ஐயும் 61-ஐயும் பெருக்கி 3233 என்று வெளியிடுகிறது. இன்னொன்று 53-ஐயும் 67-ஐயும் பெருக்கி 3551 என்று வெளியிடுகிறது. 3551-லிருந்து 3233-ஐக் கழித்தால் 318. 3233-ஐ 318-ஆல் வகுத்தால் மீதி 53. 318-ஐ 53-ஆல் வகுத்தால் மீதி இல்லை. முடிந்தது. 53 பொது. இரண்டு பூட்டும் திறந்தாயிற்று. ஒரு பென்சிலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் போதும். எத்தனை நூறு இலக்கமாக இருந்தாலும் இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குச் சுலபம்.

குடைவதற்கு யாரும் உன் வீட்டுக்கு வரவேண்டியதில்லை, மாப்ளே. உட்கார்ந்த இடத்தில் வகுத்துப் பார்த்தால் போதும்.

"ஒரு வரியைத் தூக்கிட்டோம்" என்று எவ்வளவு லேசாகச் சொன்னான்! நான் உபயோகிக்கிற டெபியன் லினக்ஸிலேயே அந்தக் கூத்து நடந்தது. ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று, நல்ல எண்ணத்தோடுதான், சாவி செய்யும் மென்பொருளில் வரிகளை நீக்கினார்கள். அந்த வரிகள்தான் அஸாரைக் கலந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு விதையில் மிஞ்சியது நிரலின் வரிசை எண் மட்டும். அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். 2006 செப்டம்பரில் நடந்தது, லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து வெளியில் வந்தது 2008 மே 13. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்த இயந்திரங்கள் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு தகராறு இல்லை.

இந்த விஷயத்தில் பயங்கரமே அதுதான். அஸார் இல்லாத சாவி பார்ப்பதற்கு நல்ல சாவி மாதிரியே இருக்கும். பூட்டும், திறக்கும். மற்றக் கோளாறுகள் சத்தம் போடும், இது போடாது. என் குலுக்கல் கோப்பைப் போல, எல்லா இடத்திலும் கையெழுத்து சரியாக இருக்கும்.

நியாயமாகப் பேசவேண்டும். அவன் கட்சியிலும் ஒரு உண்மை இருக்கிறது. காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019-ல் லினக்ஸில் வட்டு வேலையை வேகப்படுத்த ஒரு திருத்தம் செய்தார்கள். வட்டு அடிக்கடி கூப்பிடுகிற நேர வித்தியாசங்களிலிருந்துதான் அஸார் சேர்ந்துகொண்டிருந்தது. வட்டு கூப்பிடுவது குறைந்ததால் அஸாரும் குறைந்தது. ரேண்டம் எண் வரும்வரை நிற்பேன் என்று சில கம்ப்யூட்டர்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் அந்தத் திருத்தத்தையே வாபஸ் வாங்கினார். அடுத்த பதிப்பான 5.4-ல், பிராசஸரின் நேர நடுக்கத்தைத் தானே அளந்து அஸார் சேர்த்துக்கொள்ளும் வழியைச் சேர்த்தார். எண்ணுக்காகக் காத்திருந்து எழுந்திருக்கவே இல்லை என்றால் அந்தப் பெட்டியால் யாருக்குப் பயன்?

ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். 'கடிகாரத்தைப் பார்த்துக்கொள், போதும்' என்று சொல்லவில்லை. டப்பாவை வேகமாகக் குலுக்க வழி தேடினார். குலுக்குவதை நிறுத்தவில்லை.

வழிகளா இல்லை? அஸார் உற்பத்தி செய்கிற பகுதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்து 2012-லேயே இன்டெல் விற்க ஆரம்பித்துவிட்டது. அப்படிப்பட்ட சிப்பைப் போடலாம். அதற்குக் காசில்லை என்றால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி விதை எழுதி அனுப்பலாம். அணைக்கும்போது அடுத்த தடவைக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்கலாம். லினக்ஸில் அதைத்தான் செய்கிறார்கள், விவசாயி விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி. ஆனால் ஒரே பெட்டியின் விதைநெல்லை நகலெடுத்து ஆயிரம் பெட்டிக்குப் போட்டுவிட்டு விதைநெல் இருக்கிறது என்று சொல்லக்கூடாது. இது எதுவுமே முடியாது என்றால், முதல் தடவை மட்டும் நாலு செகண்டு நிற்கட்டும். நாங்கள் ரேஷன் கடையிலும், கருவூலத்திலும், பஸ் ஸ்டாண்டிலும் நின்ற ஜனங்கள். நாலு செகண்டு எங்களைக் கொன்றுவிடாது.

நான் கேட்பது இது மட்டும்தான். கேமராவை வாங்கி மாட்டுகிற ஒரு கிழவிக்கு விதையும் தெரியாது, சாவியும் தெரியாது. பெட்டியில் 'பாதுகாப்பானது' என்று அச்சடித்திருப்பதை நம்புகிறாள். அவள் வீட்டு வாசல் அந்தக் கேமராவில் தெரிகிறது. யார் எப்போது வெளியே போகிறார்கள், வீட்டில் யாருமில்லாத நேரம் எது என்பதெல்லாம் தெரிகிறது. அவள் நம்பிக்கையை நாலு செகண்டுக்கு விற்க அந்த மேனேஜருக்கு உரிமை கொடுத்தது யார்?

இந்தப் பதிவை அவனுக்கு முன்கூட்டியே அனுப்பினேன். நேற்று ராத்திரி போன் பண்ணினான். குரலில் விறைப்பு இல்லை. "மாமா, மேனேஜர்கிட்ட சொன்னேன். அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்னு சொல்லிட்டார்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் தள்ளியவனுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியாதா? 'பரிசீலனையில் உள்ளது' என்று நானே எத்தனை ஃபைலில் எழுதியிருக்கிறேன்!

"வாயால சொன்னா போதாது, எழுதிக் கொடு. தேதி போட்டுக் கையெழுத்து போடு, நகல் ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கு நீங்க எழுதிக் கொடுத்தீங்களா மாமா?" என்று கேட்டான்.

இல்லை. எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.